அப்பாவைக் கொன்ற கட்டுரைகள்

படிப்புக்காக எழுதிய மூன்று கட்டுரைகளிலும் அப்பாவைக் கொன்றேன். முதலாவதில் மரம் விழுந்தது. இரண்டாவதில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லொறி வழியில் நின்றது. மூன்றாவதில் மண் சரிந்தது. நிஜத்தில் அவர் கொஸ்லந்தைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் ரொட்டி தின்று, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். நன்றாக இருக்கிற தோட்டத்து அப்பாவுக்குக் கொழும்பில் யார் புள்ளி போடுவார்கள்?

முதல் இரண்டும் பட்டப்படிப்பில் எழுதியவை. கதையென்று சொல்லித் தப்பித்தேன். மூன்றாவது, எண்பத்திரண்டில் சினிமா, தொலைக்காட்சிப் படிப்பில் சேர்ந்தபின் புவாத் சேருக்கு எழுதியது. 'என் வாழ்வில் நடந்தது' என்பது அவர் கொடுத்த தலைப்பு. வாசித்துவிட்டு அடியில் சிவப்பு மையில், "இதில் பொய் இல்லை" என்று எழுதினார். இதையே இறுதித் தேர்வுப் படமாக எங்கள் லயத்தில் வைத்து எடுப்போம் என்றார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் படம் போகும், படிப்பு போகும், பொய்க்காரி என்ற பெயர் மட்டும் மிஞ்சும். வாயை மூடிக்கொண்டேன்.

படப்பிடிப்புக்கு ஒரு நாள் முன்னதாக வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அப்பா சிரித்தார். இந்த இராசையா செத்துட்டான், நான் அவன் தம்பி, அவ்வளவுதானே என்றார். அம்மா சிரிக்கவில்லை. தாலியை ரவிக்கைக்குள் தள்ளச் சொன்னேன், தள்ளிக்கொண்டாள். பொட்டை நானே அழித்தேன்.

மறுநாள் பிணமாகப் படுக்க லயத்தில் ஒருவரும் வரவில்லை. அண்ணன் ஜாடை இருக்கும்தானே என்று சேர் அப்பாவையே பெஞ்சில் படுக்கவைத்தார். பக்கத்து வீட்டு அழகையா வாய்க்கட்டுக் கட்டிவிட்டு, "நாளைக்கிப் பெரட்டுல பேர் கூப்பிடுவாங்க, வந்து சேந்துரு" என்று அப்பாவின் காதில் சொன்னார்.

அடுத்தது தாலி கழற்றும் காட்சி. அம்மாவின் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிடச் சொன்னார் சேர். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவளை உள்ளே இழுத்துப்போய், ரவிக்கைக்குள் கிடந்த நிஜத் தாலியையே வெளியே எடுத்துவிட்டேன்.

கமரா ஓடியது. அம்மா கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"கழட்டும்மா, பிலிம் ஓடுது."

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. கட்டிய வாய்க்குள்ளிருந்தே சொன்னார்: "கழட்டு ரெங்கம்மா. நம்ம புள்ள படிப்புல்ல."

சேர் அப்பாவைப் பார்த்தார். அம்மாவின் பிடரியில் கயிறு அழுத்திக் கறுத்திருந்த தடத்தைப் பார்த்தார். பிறகு என்னை. அவருக்கு விளங்கிவிட்டது. நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தித் தொலையட்டும் என்றும் நினைத்தேன்.

"இன்னொருக்கா எடுப்பம்," என்றார். "சவம் பேசப்படாது."

இரண்டாம் முறை அம்மா ஒரே இழுப்பில் கழற்றினாள். அதை அப்பாவின் நெஞ்சில் போடவேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். அவள் நேரே என்னிடம் வந்து, கையிலிருந்த தாள்களின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அதையும் சேர் வெட்டாமல் படத்தில் சேர்த்துக்கொண்டார். வகுப்பில் முதலிடம் எனக்குத்தான்.

தைப்பொங்கலுக்குப் போனபோதும் அம்மாவின் கழுத்து வெறுமையாகவே இருந்தது. புருஷன் தினமும் பெரட்டில் நிற்கிறான். இவளைக் கல்யாண வீட்டில் முன்னே வர விடுவதில்லையாம். அப்பா புதுக்கயிறு வாங்கி வைத்து மூன்று தரம் கேட்டுவிட்டாராம். கட்டிக்கொள் என்று நானும் கெஞ்சினேன்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "படிச்ச புள்ள எழுதினது. பொய்யா இருக்குமா?"

பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்த அப்பா தலை நிமிரவில்லை.