திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போன வால்வு

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் ‘வால்வு சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இதய வால்வு சுருங்கிப்போனவர்களுக்கு நெஞ்சைப் பிளக்காமல், தொடை வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வு பொருத்தும் பிரிவு அவளுடையது. யாருக்கு என்ன பரிசோதனை பாக்கி, யாருக்கு மூச்சு முட்டுகிறது என்று ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருப்பது அவள் வேலை. காத்திருப்போர் பட்டியல் அவள் கையில். முடிவு டாக்டர்கள் கையில்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அந்தப் பட்டியலில் பதினோரு வாரமாக இருந்தார். அவள் போன் செய்தால், “கல்லு மாதிரி இருக்கேம்மா” என்பார். உடனே அவர் மனைவி போனைப் பிடுங்குவார். “நம்பாதீங்க சிஸ்டர். சட்டைப் பொத்தான் போட்டு முடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவை உக்கார்றாரு.”

அதைத்தான் அவள் குறித்துக்கொள்வாள். குறித்ததையெல்லாம் காட்டி, டாக்டர்களை நச்சரித்து, ஒருவழியாக அவருக்கு ஒரு வியாழக்கிழமையை வாங்கிவிட்டாள்.

அன்று காலை, வெறும் வயிற்றோடு, கையில் ஊசி ஏற்றி அவரைத் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அவசரப் பிரிவிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். எப்போதோ பொருத்திய வால்வு கிழிந்து நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. இருப்பது ஒரே அறை, ஒரே குழு.

“இவங்களுக்கு சாயங்காலம் வரைக்கும் தாங்காது. அவரைத் திங்கட்கிழமை எடுத்துக்கலாம். நீங்களே பக்குவமா சொல்லிடுங்க” என்றார் பெரிய டாக்டர்.

“அதுவரைக்கும் வார்டுல ஒரு பெட்டாவது குடுங்க சார்.”

“இருந்தா தரமாட்டேனா சிஸ்டர்?”

அவளே நான்கு வார்டுகளுக்கும் நடந்து கேட்டாள். காலி இல்லை. திரும்பி வந்து அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“மாட்டிக்கிட்டவங்களத்தான் முதல்ல இறக்கணும்மா. என் வேலையிலயும் அதான்” என்றார். பிறகு, “அப்ப காப்பி குடிக்கலாம்ல?” என்று கேட்டார். மனைவி அவருடைய செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

வெள்ளியும் சனியும் அவள் போன் செய்தாள். சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. இரண்டு நாளும் அவர் கல்லு மாதிரிதான் இருந்தார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது.

“இன்னைக்கு நாங்க வரல சிஸ்டர். நேத்து காலைல பல் தேய்க்கப் போனவரு அப்படியே சரிஞ்சிட்டாரு. தூக்கறதுக்குள்ள போயிட்டாரு. வேற யாரையாவது கூப்பிடுங்க, எடம் வீணாப் போகக்கூடாது.”

ஆறுதல் சொல்ல எத்தனையோ பயிற்சி எடுத்தவள் அவள். “அம்மா...” என்றாள்.

“அந்தப் பொண்ணு பொழைச்சுதா?”

ஒரு நோயாளியைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லக்கூடாது. “பொழைச்சிட்டாங்கம்மா” என்றாள்.



“சந்தோஷப்படணும்னு தெரியுது சிஸ்டர். முடியல.”

அவளுக்கும் முடியவில்லை. அதைச் சொல்லவும் முடியாமல், அந்தம்மா போனை வைக்கும் வரை காதில் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.