மூன்று 'வாசலுக்கு வா'

சரக்கறைக் கதவிடுக்கில் புகை கசிந்ததைக் காவலாளிதான் முதலில் பார்த்தார். வயர் கருகும் வாடை. கதவைத் தொட்டார், சுட்டது. கண்ணையும் கையையும் நம்பாமல் இன்னொரு தரம் தொட்டார். இன்னும் சுட்டது.

அஞ்சு மாடித் துணிக்கடை அது. தள்ளுபடி நாள் வேறு. மேலே எள் போட இடமில்லை. மூன்றாம் மாடியில் குழந்தைத் துணி விற்கிறவள் அவருடைய மகள்.

தீ என்று கத்திவிடலாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் அப்படித்தான் கத்தினான். வெறும் புகைதான் அன்றைக்கு. ஆனால் படிக்கட்டில் மிதிபட்டுக் கிடந்த ஒரு அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தவர் இவர். அந்த உடம்பு கையில் தொங்கியது இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் முதலாளி இந்த ஏற்பாட்டைச் செய்தார். ஆபத்து வந்தால் மணி கிடையாது, 'வாசலுக்கு வா' பாட்டுதான். அது காதில் விழுந்ததும் அந்தந்த மாடி ஆட்கள் சிரித்த முகத்தோடு கூட்டத்தைப் பின்படியில் இறக்க வேண்டும். மாடி காலியானால் பொத்தானை அமுக்குவார்கள், பாட்டு அறையில் விளக்கு எரியும். அஞ்சு விளக்கும் எரிகிறவரை பாட்டு நிற்கக் கூடாது.

பாட்டு அறை கீழேயே இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவள் வேலைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது.

"சரக்கறை பத்திக்கிச்சும்மா. தீயணைப்புக்குச் சொல்லு. அந்தப் பாட்டைப் போடு."

போனில் சொல்லிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத் தட்டினாள். தொம்தொம் என்று குத்துப்பாட்டு கிளம்பியது. மேலே எவனோ விசில் அடித்தான்.

"இது இல்லம்மா."

"பேரு இதுதாங்க பெரியவரே. தாள்ல இருக்கே."

"பேரை வச்சு நான் நாக்கு வழிக்கவா? எனக்கு மெட்டுதான் தெரியும். மெதுவா, புல்லாங்குழல்ல ஆரம்பிக்கும்."

மறுபடி தட்டினாள். சாமி பாட்டு. அதையும் மாற்றினாள். கிடாரைப் பிறாண்டிக்கொண்டு ஒருத்தன் அலறினான்.

"இந்தப் பேர்ல மூணுதான் இருக்கு," என்றாள். "போன மாச ஒத்திகைக்கு அப்புறம் கம்ப்யூட்டர் மாத்தினாங்களாம், அப்ப பேரைப் பாத்து ஏத்தியிருக்காங்க. உங்க பாட்டு இதுல இல்ல."

"நெட்டுல தேடு."

"சுத்திக்கிட்டே இருக்குங்க."

புகை நடைபாதைக்கு வந்துவிட்டது. அவர் மைக்கைப் பிடுங்கினார்.

பாடிப் பழக்கமில்லாத மனுஷன். பெற்ற பிள்ளையைத் தூங்க வைக்கக்கூடப் பாடினதில்லை. துருப்பிடித்த ஷட்டரை இழுக்கிற மாதிரி ஒரு குரல். மாசாமாசம் ஒத்திகையில் கேட்ட மெட்டைப் பிடித்துக்கொண்டு பாடினார். மேலே யாரோ சிரித்தார்கள். ரெண்டாவது வரியில் சிரிப்பு நின்றது. முதல் மாடி விளக்கு எரிந்தது. அஞ்சாவது, ரெண்டாவது, நாலாவது.

மூன்றாவது எரியவில்லை.

"நீ வெளிய போம்மா," என்று சாடை காட்டினார். அவள் போனாள். மூன்றாம் மாடியிலிருந்து போன் வந்தது. மைக்கை வாய்க்கிட்டே வைத்தபடி, மறுகையால் எடுத்துக் காதில் வைத்தார்.

"அப்பா, நீங்களா? அதான் கழுதை கத்துற மாதிரி இருக்கு." மகளுக்கு மூச்சு வாங்கியது. "ஒரு அம்மா டிரையல் ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுத் திறக்க மாட்டேங்குது. அளவு சரியில்லையாம். நிறுத்திடாதீங்க."

நிறுத்தவில்லை. பாட்டு தீர்ந்தது, முதலிலிருந்து ஆரம்பித்தார். கண் எரிந்தது. கால் ஓடு ஓடு என்றது. இவர் நிறுத்தினால் ஆபத்து தீர்ந்தது என்று மகள் அங்கேயே நின்றுவிடுவாள்.

மூன்றாவது விளக்கு எரிந்தது. அப்போதும் பாடினார்.

இருமிக்கொண்டே ஒருத்தி உள்ளே வந்து மைக்கைப் பிடுங்கி வீசினாள். மகள்.

"விளக்கு எரிஞ்சு எவ்வளவு நேரமாச்சு. கண்ணு தெரியலையா? வாசல்ல தேடிட்டு வரேன்."

"பொத்தானை யாரு வேணா அமுக்கலாம்," என்றார். அவள் மணிக்கட்டைப் பிடித்தவர் தெருவுக்கு வந்தும் விடவில்லை.