கண்ணை மறைத்த இலை

காலையில் எழுந்ததும் போர்வையை மடிக்கிறேன். வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்து வந்து ஒரு டம்ளருக்கு மட்டும் காய்ச்சுகிறேன். பாத்திரம் பெரியது. பால் அடியில் கிடந்து பொங்குவதற்கு முன்பே தீய்கிறது. சின்னப் பாத்திரம் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன், மறந்துபோகிறேன். பிறகு அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைத் திறக்கிறேன். உள்ளே அவளுடைய கேமராவும் நீள லென்ஸும் இருக்கின்றன. கூடவே ஒரு துணிப்பையில் சிலிக்கா மணிகள். மணிகள் நீலமாக இருந்தால் டப்பாவுக்குள் ஈரம் இல்லை. இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் வெறும் வாணலியில் போட்டு, நீலம் திரும்பும்வரை வறுத்து, ஆறவைத்து, பையில் கட்டி உள்ளே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். நான் பறவையும் எடுப்பதில்லை, பூச்சியும் எடுப்பதில்லை. ஆனாலும் வறுக்கிறேன். சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன்.

வேலை கான்கிரீட் சோதனைக்கூடத்தில். கட்டடம் கட்டும் இடங்களிலிருந்து வரும் கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து உடையும்வரை அழுத்த வேண்டும். எவ்வளவு அழுத்தத்தில் உடைந்தது என்று எழுத வேண்டும். மனைவி போன பிறகு என் வேலையில் கவனம் கூடியிருப்பதாக மேலாளர் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார்.

அன்று மணிகளை வறுத்துக்கொண்டிருந்தபோது மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறார். உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, மாலையில் கண்காட்சி, மறக்காமல் வந்துவிடுங்கள் என்றார். வாணலியைப் பார்த்து, காலையிலேயே என்ன பட்டாணி வறுக்கிறீர்களா என்று கேட்டார். நான் மணிகளைக் கிளறினேன். அவள் போன நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு இந்த அளவில்தான். காய்ச்சல் என்று சொன்ன அன்றே நான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதை என் முகத்துக்கு நேரே அவர் சொன்னதில்லை. உறவில் பாக்கி எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

கண்காட்சி அவளுடைய பறவைக் குழு நடத்துவது. அவள் நினைவாக அவள் எடுத்த படங்களை மட்டும் மாட்டுகிறார்கள். பிரிண்ட் போடும் பொறுப்பை மச்சான் கேட்டு வாங்கிக்கொண்டார். செலவு முழுக்கத் தன்னுடையது என்றார். அவள் படங்கள் இருந்த டிஸ்க்கை மச்சானிடம் அப்படியே சேர்ப்பதற்காகக் குழுச் செயலாளர் வந்து கேட்டபோது எடுத்துக் கொடுத்ததோடு சரி, நான் வேறெதிலும் தலையிடவில்லை.

அந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் விடுமுறை நாளில் தொப்பி போட்டுக்கொண்டு புதருக்குள் நிற்பவர்கள். உள்ளே போனால் நீதிமன்றம். பறவையின் குரலைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டு வரவழைத்தால் குற்றம். வண்ணத்துப்பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து விறைக்கவிட்டு எடுத்தால் பெரிய குற்றம். எல்லாவற்றையும்விடப் பெரியது, கூட்டுக்கு முன்னால் இருக்கும் இலைகளை வெட்டுவது. இலை போனால் படம் தெளிவாக வரும். நிழலும் போய்விடும். குஞ்சுகள் வெயிலில் வெந்து சாகும், அல்லது காக்கை பார்த்துவிடும். அப்படி எடுத்த படத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சலூன் படம். பளிச்சென்று கூடு தெரியும் படத்தை யாராவது காட்டினால், முடி வெட்டியது யார் என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். ஆனால் கேட்கப்பட்டவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

ஒரு பல் டாக்டரை அப்படிக் குழுவை விட்டே அனுப்பியது என் மனைவி. அவர் எடுத்த கூட்டின் கீழே வெட்டிய கிளைகள் கிடந்ததைப் போய்ப் பார்த்து வந்து, எல்லோர் முன்னாலும் சொன்னாள். வீட்டில் பல்லி வந்தால் நாற்காலி மேல் ஏறி நின்று என்னைக் கூப்பிடுகிறவள். அங்கே போய் அப்படிப் பேசுவாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவளுக்குச் சொந்தமாக ஒரு கூடு கிடைத்தது அதற்குப் பிறகுதான். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிய மரத்தில் மாங்குயில் கூடு கட்டியிருந்தது. மூன்றாவது மாடிப் படிக்கட்டின் ஜன்னலிலிருந்து நேராகத் தெரியும். மஞ்சள் பறவை, சிவந்த கண். அந்தக் கண்ணுக்கு மேலேயே ஓர் இலை. காற்றில் அது விலகும் என்று சாப்பாட்டு இடைவேளை எல்லாம் அந்த ஜன்னலில் நின்றாள். நானும் இரண்டொரு முறை போய் அவளுக்குச் சாப்பாட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இலை விலகவில்லை. ஓட்டுநர் ஒருவர் கம்பு கொண்டுவந்து தட்டிவிடட்டுமா என்று கேட்டதற்கு அவரோடு சண்டை போட்டாள். கடைசியில் பாதி முகத்தை இலை மறைத்தபடியே எடுத்தாள். குஞ்சுகள் பறந்துபோன பிறகுதான் படத்தை எனக்கே காட்டினாள். குழுவுக்குக் காட்டும் முன் காய்ச்சல் வந்துவிட்டது.

கண்காட்சி ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில். வேலை முடிந்து நான் போனபோது கூட்டம் நிறைந்திருந்தது. தும்பிகள், சிலந்திகள், ஒரு தவளை, நிறைய சிட்டுகள். நேர் எதிர்ச் சுவரில், மற்றப் படங்களைப்போல நான்கு மடங்கு பெரியதாக, மாங்குயில். அதன் எதிரே நாற்காலி போட்டு அத்தை, அவளுடைய அம்மா, உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வருகிறவர்களிடமெல்லாம், பாருங்கள், படம் எடுக்கிற என் பெண்ணையே பார்க்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அது பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அதன் முகத்தை ஒன்றும் மறைக்கவில்லை. இலையைக் காணோம்.

கீழே அட்டையில் பெரிய எழுத்தில், ‘கடைசியாக அவள் சொன்னது: கூடுகளைத் தொந்தரவு செய்யாதீர்கள்’ என்று இருந்தது.

அறையில் இரண்டு விதமான ஆட்கள் இருந்தார்கள். உறவுக்காரர்களும் மச்சானின் வாடிக்கையாளர்களும் படத்தின் முன்னால் நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். குழு ஆட்கள் தள்ளி நின்று, பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் வந்ததைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒருவர் என் தோளைத் தட்டப் போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

பல் டாக்டர் வந்திருந்தார். யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். நேராக என்னிடம் வந்தார்.

“நல்ல படம் சார். சலூன்ல உங்க வீட்டம்மாவுக்கும் கணக்கு இருந்திருக்கு போல. என்கிட்ட சொல்லியிருந்தா நல்ல கத்தரிக்கோலா குடுத்திருப்பேன்.”

குழுவில் சிலருக்கு அது கேட்டது. யாரும் அவரை அதட்டவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர்கள் முன்னால்தான் அவள் ஒருத்தனின் பெயரைக் கெடுத்தாள், இவர்கள் முன்னாலேயே இப்போது அவள் பெயர் போய்க்கொண்டிருக்கிறது. அவள் வந்து பதில் சொல்ல முடியாது.

மச்சான் தேநீர் மேஜைக்குப் பக்கத்தில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு யாருக்கோ ஆல்பம் காட்டிக்கொண்டிருந்தார். தங்கைக்கு நினைவுக் கண்காட்சி, அதிலும் ஓர் ஓரமாய்க் கடை. நான் போய், அந்த இலை எங்கே என்று கேட்டேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு சிரித்தார். கண்ணே தெரியாத படத்தை எப்படி மாட்டுவது, நான்தான் எடுத்துவிட்டேன், தடயம் தெரிகிறதா சொல்லுங்கள் என்றார். தெரியவில்லை என்பது உண்மை. கல்யாண ஆல்பத்திலிருந்து பரு, மின்கம்பி, குடித்துவிட்டு மேடையேறிய சித்தப்பா என்று எத்தனையோ எடுத்திருக்கிறேன், ஓர் இலைக்கு நீங்கள் இப்படி மூச்சு வாங்க வேண்டுமா என்றார்.

அவள் இலையை வெட்டிவிட்டாள் என்று நினைக்கிறார்கள் என்றேன். படத்தை இறக்குங்கள் என்றேன். சலூன் என்றால் என்ன என்று விளக்கினேன். அவர் காதில் வாங்கவில்லை. இறக்குங்கள் என்பது மட்டும்தான் அவருக்குக் கேட்டது. அதுவரை வந்த ‘நீங்க’ அங்கே போயிற்று.

“எங்கம்மா முன்னாடி அத நீ எறக்கிடுவியா? ஒழுங்கா ஒரு டாக்டர்கிட்ட காட்டத் தெரியல. படத்துக்கு வந்துட்ட நியாயம் பேச.”

அவர் அதை என் முகத்துக்கு நேரே சொன்னது அன்றுதான். எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை. நான் திரும்பி நடந்து அறையின் நடுவில் போய் நின்றேன். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. சத்தமாகவும் சொல்லவில்லை. இந்தப் படம் அவள் எடுத்தது இல்லை என்றேன். அவள் எடுத்த படத்தில் இலை இருந்தது, இவர் கம்ப்யூட்டரில் அதை அழித்துவிட்டார் என்றேன்.

குழுச் செயலாளர் ஒரு பள்ளி ஆசிரியை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். கணவன் வந்து முட்டுக்கொடுக்கிறான் என்றுதான் அவரும் நினைத்திருக்க வேண்டும். பல் டாக்டர் அப்படி நினைப்பதாக வாய்விட்டே சொன்னார். வீட்டுக்காரர் விட்டுக்கொடுப்பாரா என்றார்.

அவளைக் காப்பாற்றியது நானில்லை. மச்சானின் திமிர். அவர் வேலையை நான் குறை சொல்லிவிட்டேன் என்பதாகவே அவர் எடுத்துக்கொண்டார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் திண்டில் வைத்தார். வாடிக்கையாளர்களுக்குக் காட்ட எப்போதும் திருத்துவதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் அடுத்தடுத்து வைத்திருப்பார். எல்லா ஸ்டுடியோக்காரர்களுக்கும் இருக்கும் பழக்கம் அது.

“வந்து பாருங்க. எப்டி இருந்தத எப்டி ஆக்கியிருக்கேன்னு. அப்புறம் பேசுங்க.”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இடப்பக்கம் இலையோடு இருந்தது. கூட்டைச் சுற்றி எல்லா இலைகளும் இருந்த இடத்தில் இருந்தன. ஒரு காம்புகூட ஒடிந்திருக்கவில்லை. பறவையின் பாதி முகமும் ஒரு துளி சிவப்புக் கண்ணும். ஆசிரியை வெகுநேரம் பார்த்தார். பிறகு மச்சானிடம், இடப்பக்கம் இருப்பதைப் பிரிண்ட் போட்டுத் தர எத்தனை நாளாகும் என்று கேட்டார்.

மச்சானுக்கு அது புரிவதற்குச் சற்று நேரம் பிடித்தது. எதைச் சரிசெய்ததாக நினைத்தாரோ அதையே கேட்கிறார்கள். அவர் முகம் கறுத்துப்போனது. வாடிக்கையாளர்கள் தேநீர்க் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். லேப்டாப்பை மூடினார். எனக்கு அதில் சந்தோஷம் இருந்தது. மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

பல் டாக்டருக்கு வெறுங்கையோடு போக மனமில்லை. கீழே இருந்த அட்டையைக் காட்டினார்.

“அப்ப இது? இதுவும் ஸ்டுடியோ வேலதானா?”

மச்சான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அவரிடம் அதற்கு முன் கண்டதில்லை. அவள் போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பிடித்து, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். கூட இருந்தவன் நான் ஒருத்தன்தான். அத்தையும் அதற்குப் பிறகு அவரைக் கேட்டுக் குடைந்திருக்கிறார். என்னிடம் கேட்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன் என்று அவரிடம் கேட்டிருக்கிறார். அவர் பொறுக்காமல் ஏதோ சொல்லிவைத்திருக்கிறார். காலி இடத்தைப் பார்த்தால் நிரப்பிவிடுவதுதான் அவர் தொழில்.

நான் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். பல் டாக்டர் போயிருப்பார். அட்டை அங்கேயே இருந்திருக்கும்.

அத்தை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். மகனைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். பிறகு அத்தை என்னிடம் கேட்டார்.

“உண்மையச் சொல்லுங்க மாப்ள. எம்பொண்ணு என்ன சொன்னா?”

வார்டில் சாயங்கால விளக்கு போட்டிருந்தார்கள். நான் அவள் கட்டிலின் கால்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். எரிச்சலாகத்தான் பார்த்தாள். அவள் சொன்னதைக் கேட்டு நான் கீழே கேன்டீனுக்குப் போனேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். அவள் சொன்னதை அத்தைக்கு அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தையும் கூட்டாமல்.

“நீ போய்ச் சாப்ட்டு வா. இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு என் முன்னாடி நிக்காத.”