பிறந்த ஊரில் டூரிஸ்ட்

காரைக்கால்காரர்களைத் தூக்கத்தில் எழுப்பி, பிரான்சில் தங்குவது எப்படி என்று கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். எந்த விசாவில் போனால் எத்தனை நாள் இருக்கலாம், எதை எதுவாக மாற்றலாம், எந்த வரிசையில் விடியுமுன் போய் நிற்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. காரைக்காலில் தங்குவது எப்படி என்று மட்டும் யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? பஸ்ஸை விட்டு இறங்கினால் வீடு.

சுகிர்தாவும் கேட்கவில்லை. இத்தனைக்கும் பாரிஸ் பக்கத்தில் அவள் குடியிருந்த அடுக்குமாடியில் விசா விஷயத்துக்கு அவள்தான் வக்கீல். ஊரிலிருந்து புதிதாக வந்து திருதிருவென்று முழிக்கிற பெண்களைக் கையைப் பிடித்துப் பிரெஃபெக்த்யூருக்குக் கூட்டிப்போவாள். அங்கேதான் தங்குவதற்கான அட்டை தருவார்கள். "நாள் முடியறதுக்கு முன்னாடியே எழுதிப் போட்டுடணும்டி. முடிஞ்ச பொறவு அழுதா அவனுக்குத் தமிழ் புரியாது" என்று அவள் சொல்வது அந்தக் கட்டடத்தில் பிரசித்தம். அப்படிப்பட்டவள் தன் விஷயத்தில் தம்பி சொன்ன ஒரு வார்த்தையை நம்பி விமானம் ஏறினாள்.

அவள் காரைக்காலை ஒட்டிய பூவத்துப் பெண். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த திருஞானசம்பந்தத்தைக் கட்டிக்கொண்டு போய் முப்பது வருஷம் ஓடிவிட்டது. போய்ச் சில வருஷத்தில் அவளும் குடியுரிமை வாங்கினாள். அதோடு இந்தியப் பாஸ்போர்ட் செல்லாமல் போனது. அதற்காக உட்கார்ந்து வருத்தப்பட அப்போது நேரமில்லை. பள்ளிக்கூடக் கான்டீனில் தட்டு அடுக்குகிற வேலை, வீடு, பிள்ளை என்று காலம் போயிற்று. இப்போது கணவர் இல்லை. மகன் அகரன் லியோன் நகரில் ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறான். போனால் சோபாவில் படுக்கை போட்டுத் தருவான், பாவம், நல்ல பிள்ளைதான்.

இந்த நிலையில்தான் பூவத்தில் அவள் அம்மா செல்லம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். தம்பி ரஞ்சித்குமார் போன் செய்தான். மின்துறையில் குமாஸ்தா. அம்மா இருப்பது அவனோடும் அவன் மனைவி வினோதாவோடும்தான்.

"அக்கா, ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. அம்மா உன் பேரையே சொல்லிக்கிட்டுக் கெடக்கு. கெளம்பி வாக்கா."

"வர்றேன்டா. ஓ.சி.ஐ. கார்டுக்கு எழுதிப் போட்டுட்டு வந்துடவா? அது கையில இருந்தா எத்தினி வருஷம் வேணா இருக்கலாமாம்."

"அது வர்றதுக்கு மாசக்கணக்கா ஆவும்க்கா. அதுவரைக்கும் அம்மா எப்படிக் கெடக்கும்? சும்மா டூரிஸ்ட் விசாவுல வா. இங்க வந்து நீட்டிக்கிட்டாப் போச்சு. நான் பாத்துக்கறேன்."

'நான் பாத்துக்கறேன்' என்றானே, அதில்தான் அவள் விழுந்தாள். எத்தனை வருஷமாயிற்று அவளிடம் ஒருத்தர் அப்படிச் சொல்லி! வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். வாடகை வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். குக்கர், தோசைக்கல், சோபா எல்லாம் கீழ்வீட்டு யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குப் போயிற்று. அம்மா கூட இருக்கப் போகிறோம், இனி அங்கேதான் என்று அவள் மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சந்தோஷத்தில் அவளாகவே செய்தாள்.

பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் டூரிஸ்டாக வந்தால் ஒரு தடவைக்குத் தொண்ணூறு நாள்தான். அந்த நாட்களில் அவள் டூரிஸ்டாகப் பார்த்த இடம் அம்மாவின் அறை. அம்மா லேசுப்பட்ட ஆள் இல்லை, கனத்த சரீரம். புரட்டிப் படுக்க வைப்பது, பெட்பேன் வைத்து எடுப்பது, வெந்நீரில் துடைப்பது, புண் வராமல் முதுகுக்குப் பவுடர் போடுவது, டாக்டர் சொன்ன மாதிரி காலை மடக்கி நீட்டுவது. அம்மா வலியில் வாய்க்கு வந்தபடி திட்டினாள். சுகிர்தா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். அந்தத் திட்டும் அவளுக்கு இனித்தது.

வினோதா குறை சொல்ல முடியாத மரியாதைக்காரி. "வாங்கண்ணி, உக்காருங்கண்ணி, சாப்புடுங்கண்ணி." ஆனால் அம்மா அறையிலிருந்து கூப்பிட்டால், "அண்ணி இருக்காங்கல்ல" என்று டிவிப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ரஞ்சித் முதல் வாரம் காலையும் மாலையும் வந்து கட்டிலருகே நின்றான். பிறகு வாசற்படியோடு சரி. அதுவும் பிறகு நின்றுபோயிற்று. ஆண்பிள்ளை, சங்கோஜப்படுகிறான் என்று சுகிர்தா நினைத்துக்கொண்டாள்.

அம்மா முதல்முறை வாக்கரைப் பிடித்துக்கொண்டு சன்னல்வரை நடந்த அன்று, வீட்டில் பாயசம் வைத்தது வினோதா. அண்ணிக்கு இரண்டாவது கிண்ணமும் தந்தாள்.

விசா எப்போது கேட்டாலும் ரஞ்சித்திடம் பதில் தயாராக இருந்தது. "போட்டாச்சுக்கா. ஆன்லைன்ல பெண்டிங்ல இருக்கு." பெண்டிங் என்பது அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவன் வாயிலிருந்து வந்தால் நம்பாமல் இருக்க முடியுமா? ஆனாலும் கடைசி வாரம் நெருங்க நெருங்க அவளுக்குள் இருந்த பழைய வக்கீல் விழித்துக்கொண்டாள். பள்ளியில் கூடப் படித்த அஃபீஃபா காரைக்காலில் டிராவல்ஸ் வைத்திருக்கிறாள். ஒரு நாள் காலையில் சுகிர்தா பஸ் ஏறி அவளிடம் போனாள்.

"யா அல்லாஹ், டூரிஸ்ட் விசாவுலயாடி வந்தே? நீயா?" என்று அஃபீஃபா சிரித்தாள். விசா முடிகிற தேதியைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு நேரே போலீஸ் அலுவலகத்தில் வெளிநாட்டவர் பதிவுப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள்.

அங்கிருந்த அதிகாரி தன்மையான மனுஷன். பாஸ்போர்ட்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"நீங்க வந்து தங்கியிருக்கற தகவலை உங்க தம்பி மறுநாளே ஏத்திட்டாருங்கம்மா. கரெக்டான ஆளு. வெளிநாட்டுக்காரங்க வந்தா வீட்டுல உள்ளவங்க தெரிவிக்கணும், பாதிப் பேரு செய்யறதில்ல."

"நீட்டிக்கக் கேட்டு எழுதிப் போட்டது?"

"அப்படி எதுவும் வரலீங்களே."

சுகிர்தா இன்னொரு தரம் பார்க்கச் சொன்னாள். அவர் இன்னொரு தரம் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"சாதாரணமா டூரிஸ்ட் விசாவை நீட்டிக்க மாட்டாங்கம்மா. ஓ.சி.ஐ.க்கும் இந்த விசாவுல இருந்துக்கிட்டு இங்க போட முடியாது. பெத்த தாய்க்கு முடியல, பாத்துக்க ஆளு வேணும்னா மேல எழுதிக் கேக்கலாம். டாக்டர் சர்டிபிகேட் வாங்குங்க. வீட்டு ஓனர்கிட்ட ஒரு கடிதாசு வாங்குங்க, இவங்க எங்க வீட்டுல இருக்காங்க, இன்னும் இருக்கறது அவசியம்னு. தருவாங்கன்னு நான் உறுதி சொல்ல முடியாது. ஆனா போட்டுப் பாருங்க."

வீடு அம்மா பேரில். சுகிர்தாவுக்கு மூச்சு வந்தது. தம்பி துரோகம் செய்தால் செய்துவிட்டுப் போகிறான், அம்மா கையெழுத்துப் போடுவாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் தம்பியை மனதுக்குள் வறுத்தெடுத்தாள். சின்ன வயதில் இடுப்பில் தூக்கிச் சுமந்ததிலிருந்து ஆரம்பித்தாள். டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வீடு சேர்ந்தபோது அவன் ஆபீசிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"போட்டாச்சுன்னியேடா."

அவன் டம்ளரையே பார்த்தான்.

"பெண்டிங்னு வாய் கூசாம சொன்னியே. ஒண்ணுமே போடலையாம். என்னைய வெரட்டணும்னா நேரா சொல்லியிருக்கலாமேடா."

வினோதா டிவி சத்தத்தைக் குறைத்தாள், கேட்க வசதியாக.

"எங்கிட்ட சண்டை போட்டு ஆவப்போறது ஒண்ணுமில்லக்கா. அம்மாவைப் போயி கேளு" என்றான் ரஞ்சித்.

அம்மா கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். சுகிர்தா தரையில் அமர்ந்து அந்தக் காலைப் பிடித்துவிட்டபடியே விஷயத்தைச் சொன்னாள். "நாலு வரிதாம்மா. நான் எழுதறேன், நீ கையெழுத்து மட்டும் போடு."

"வேணாம் தாயி."

"என்ன வேணாம்?"

"நீ கெளம்பு. அவன் போடலங்கறது எனக்குத் தெரியும். நாந்தான் வேணாம்னேன்."

சுகிர்தாவின் கை அம்மாவின் கணுக்காலில் அப்படியே நின்றது.

"உன்னைய வரவழைக்கறப்பவே பேசிக்கிட்டதுதான்" என்றாள் அம்மா. குரலில் தடுமாற்றம் இல்லை. "பீ மூத்திரம் அள்ள என்னால ஆவாதுன்னுட்டா வினோதா. நான் எந்திரிச்சு நடமாடிட்டா பொறவு அவ பாத்துக்கறதாச் சொன்னா. மூணு மாசம்னாதான் நீ வர்றதுக்கே ஒத்துக்கிட்டா. கார்டு கீர்டு வாங்கிக்கிட்டு வந்துட்டியன்னா நீ போவமாட்டே. அதான் டூரிஸ்டுல வரச் சொன்னது."

"நான் இருந்தா என்னம்மா? கடைசி வரைக்கும் நானே பாத்துக்கறேனே. நான் என்ன கேட்டேன், இந்த ரூமுல ஒரு பாய் போடற எடம்தானே?"

"நீ பாப்பே, யாரு இல்லன்னா? ஆனா நீ இருக்க இருக்க அவன் ஒதுங்கிப் போறான். இந்த ரூமுக்குள்ள அவன் வந்து எத்தினி நாளாச்சு, நீயே சொல்லு. பொண்ணு கையால தின்னுட்டு, நாளைக்குக் கொள்ளி வைக்க மவன் மொகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னா நான் என்ன செய்வேன்? நீயா வைப்பே?"

"நான் வேலையை விட்டுட்டு வந்துருக்கேம்மா. வீட்டைக் குடுத்துட்டு வந்துருக்கேன்."

"விடச் சொல்லி நான் சொல்லலியே" என்றாள் அம்மா.

உண்மைதான், சொல்லவில்லை. திருஞானசம்பந்தத்தை ஆஸ்பத்திரிப் பிணவறையில் விட்டுவிட்டு ரயிலேறி வீட்டுக்கு வந்தாளே, அன்றுகூட அவள் இத்தனை தனியாக இருந்ததில்லை. அன்று ஊரில் ஓர் அம்மா இருந்தாள். தம்பி ஏமாற்றியிருந்தால் ஊரைக் கூட்டிக் கத்தியிருப்பாள். பெற்றவளே கூலியாள் வைக்கிற மாதிரி நாள் பேசி வரவழைத்திருக்கிறாள், இதை யாரிடம் போய்ச் சொல்வது? எரிந்தது அவளுக்கு, உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் சாப்பாட்டு நேரம் வந்ததும் ரசஞ்சோறு பிசைந்து எடுத்து வந்தாள். ஊட்டுகையில் அம்மாவின் புடவையில் சிந்தியது. அம்மா துடைத்துக்கொண்டாள்.

அஃபீஃபாவுக்குக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. "எங்க வீட்டுல வந்து இருடி. நான் லெட்டர் தர்றேன்."

"என்னன்னு எழுதுவே?"

அஃபீஃபா யோசித்தாள். பெற்ற தாய்க்கு இவள் அவசியம் என்று வேறு யார் எழுதித் தர முடியும்? நாள் கடந்து தங்கினால் அபராதம், பிறகு ஊருக்குள்ளேயே விடமாட்டார்கள் என்பதும் இருவருக்கும் தெரியும். அஃபீஃபா டிக்கெட் போட்டுத் தந்தாள்.

கிளம்புகிற காலை வாசலில் கார் நின்றது. ரஞ்சித் பெட்டியைத் தானே தூக்கி வந்து வைத்தான். வினோதா புளியோதரை கட்டிக் கொடுத்து, "அடிக்கடி வாங்கண்ணி" என்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வழியனுப்ப வந்துவிட்டார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா வாசல்வரை வந்தாள். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு மார்பில் அடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"எம்பொண்ணு என்னைய எழுப்பி நடக்க வச்சாளே! பாவிப் பய கவர்மெண்டு, பெத்தவளையும் பொண்ணையும் பிரிக்கிறானே! விசா இல்லன்னு வெரட்டுறானே!"

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கண்ணீர் பொய் இல்லை என்பது சுகிர்தாவுக்குத் தெரிந்தது. அம்மா நிஜமாகவே அழுதுகொண்டு நிஜமாகவே அவளை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டுச் சௌந்தரவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் சுகிர்தா, ஆபீசருங்களைக் கேட்டு இன்னும் கொஞ்ச நாளு இருந்துட்டுப் போவக் கூடாதா? பெத்தவ எப்படித் துடிக்கிறா பாரு."

ரஞ்சித் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றான். வினோதா குனிந்து கோலத்தைப் பார்த்தாள். அம்மாவின் அழுகை பாதியில் நின்றது. ஈரக் கண்ணோடு மகளையே பார்த்தாள். அது கெஞ்சுகிற பார்வை. மூன்று மாசமாக எத்தனையோ வலியில் கிடந்தவள் ஒரு தடவைகூட சுகிர்தாவை அப்படிப் பார்த்ததில்லை.

உண்மையைச் சொல்லிவிட ஒரு வார்த்தை போதும். சுகிர்தா சௌந்தரவல்லி பக்கம் திரும்பினாள்.

"கேட்டுப் பாத்துட்டேங்கத்தை. சட்டம் விடல."

அம்மா மறுபடியும் அழத் தொடங்கினாள், இந்தத் தடவை நிம்மதியாக.