அந்தப் பெண்மணியின் இன்சுலின்

மார்லிஸ் வாண்டஹேயிடம் யாராவது அரசியல் பேச வந்தால் அவள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நான் கேக்கறதில்ல, எழுதறதோட சரி." விஸ்கான்சினின் கெல்னர் ஃபால்ஸ் ஊரில் அதை யாரும் பொய்யென்று நினைத்ததில்லை. காது கேளாதவர்களுக்காகத் தொலைக்காட்சித் திரையின் அடியில் எழுத்துகள் ஓடுமே, அவற்றைப் பேச்சு நடக்கும்போதே அடித்துக் கொடுப்பது அவள் தொழில். வீட்டின் பின்னறையில் சுருக்கெழுத்துப் பொறியை மடிக்கு நேராக வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். வார நாட்களில் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை ஒரு செய்திச் சேனலின் விவாத நிகழ்ச்சி அவளுடையது. இறக்குமதி வரி, எல்லை, வட்டி விகிதம், மருத்துவக் காப்பீடு என்று எது காதில் விழுந்தாலும் மனசைத் தொடாமல் நேரே விரலுக்குப் போய்விடும். மனசைத் தொட்டால் கை பின்தங்கிவிடும். நிகழ்ச்சி முடிந்த பிறகு இன்று என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

கணவன் டுவேன் ஊர்க் காகித ஆலையில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்த்தான். ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வரி விதித்தால் தொழிற்சாலைகள் பிழைக்குமா சாகுமா என்று இரண்டு பேர் மோதிக்கொண்டிருந்த நடுவில், அதில் ஒருவர் தன் வாதத்துக்கு ஆதாரமாக ஒரு செய்தியை எடுத்துப் போட்டார். இதோ இன்று காலைகூட விஸ்கான்சினில் கெல்னர் ஃபால்ஸ் என்ற ஊரில் ஒரு காகித ஆலை மூடப்போவதாக அறிவித்திருக்கிறது, முந்நூற்றுப் பத்து பேர் வீட்டுக்குப் போகிறார்கள் என்றார். வேறு யாராவது அடித்திருந்தால் ஊர்ப் பெயரைத் தப்பாக அடித்திருப்பார்கள். மார்லிஸ் பிழையில்லாமல் அடித்தாள். அடுத்தவர், இதற்கும் வரிக்கும் சம்பந்தமில்லை, அந்த ஆலையை வாங்கிய முதலீட்டு நிறுவனம்தான் அதை உறிஞ்சிப்போட்டது என்றார். அதையும் அடித்தாள். ஒரு மணி வரைக்கும் ஒரு சொல்கூட விடவில்லை.

டுவேன் மூன்று மணிக்கு வந்து, பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலில் தட்டிவிட்டு, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் தனக்குத் தெரியும் என்றாள். பத்தரைக்கு எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்களாம். ஏன் ஃபோனில் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, நீ அப்போது வேலைக்குத் தயாராகிக்கொண்டிருப்பாய், அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டதாகச் சொன்னான். மார்ச் கடைசி வரை ஆலை ஓடும். அதன் பிறகு சம்பளமும் இல்லை, காப்பீடும் இல்லை.

காப்பீடுதான் பெரிய விஷயம். மார்லிஸுக்குப் பதினோரு வயதிலிருந்து சர்க்கரை. ஒரு நாளைக்கு நாலு ஊசி. அவள் செய்வது ஒப்பந்த வேலை, அதில் காப்பீடு கிடையாது, டுவேனின் காப்பீட்டு அட்டையில்தான் அவள் மருந்து வந்துகொண்டிருந்தது. அரசாங்கம் நடத்தும் காப்பீட்டுச் சந்தையில் தனியாக வாங்கலாமா என்று இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து பார்த்தார்கள். போன வருடம் வரை அரசாங்கம் கொடுத்த கட்டணச் சலுகை இந்த வருடம் இல்லை. மாதக் கட்டணம் வீட்டுக் கடன் தவணையைத் தாண்டியது. டுவேன் கணினியை மூடிவிட்டு, வெளியே போய், ஏற்கெனவே வழித்திருந்த பாதையிலேயே மறுபடி பனியை வழித்துத் தள்ளினான்.

பிப்ரவரியில் அந்தச் சேனல்காரர்கள் ஊருக்கே வந்தார்கள். தொழிற்சங்கக் கூடத்தில் தொழிலாளர்களை உட்காரவைத்து நேரலையில் பேச விடுவதாக ஏற்பாடு. சங்கத்தில் கூப்பிட்டதால் போகிறேன், பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவேன் என்று டுவேன் சொல்லிவிட்டுப் போனான். மார்லிஸ் வழக்கம்போலப் பின்னறைக்குப் போனாள்.

நிகழ்ச்சி தொடங்கி அரைமணி கழித்து, தொகுப்பாளர் ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு பின்வரிசைக்கே போய்விட்டார். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று டுவேனைக் கேட்டார்.

"அத என் பொண்டாட்டிகிட்டயே சொன்னதில்ல. உங்ககிட்டயா சொல்லப்போறேன்?"

கூடம் சிரித்தது. மார்லிஸ் அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று அடித்தாள்.

இனி என்ன செய்வதாக உத்தேசம் என்பது அடுத்த கேள்வி. டுவேன் கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"அலபாமால ஒரு ஆலையில எடுத்துக்கிட்டாங்க. ஏப்ரல் ஒண்ணாந்தேதி போறேன். அங்க மொத நாள்லேருந்தே காப்பீடு உண்டு. என் பொண்டாட்டிக்கு இன்சுலின் வேணும். அது இல்லாம அவ ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டா. அதான்."

அந்த அலபாமா வேலையைப் பற்றி அவள் அதுவரை ஒரு வார்த்தைகூடக் கேள்விப்பட்டதில்லை. விரல்கள் போய்க்கொண்டே இருந்தன. 'தாங்கமாட்டா' திரையில் ஏறி, மேலே நகர்ந்து, மறைந்தது.

பிறகு ஸ்டுடியோவில் விவாதத்துக்கு உட்கார்ந்திருந்த இருவரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்மணியின் இன்சுலினை ஏன் ஒரு முதலாளியின் கையில் கொடுத்து வைத்திருக்கிறோம் என்று கேட்டார் ஒருவர். அந்தப் பெண்மணியின் கணவர் யாரிடமும் கையேந்தவில்லை, வேலை இருக்கும் இடத்துக்குக் கிளம்புகிறார், இந்த நாடு அப்படித்தான் உருவானது என்றார் மற்றவர். அந்தப் பெண்மணிக்குச் சுதந்திரம் வேண்டும், அந்தப் பெண்மணிக்குச் சந்தை வேண்டும். நாலாவது தடவை வந்தபோது, மார்லிஸ் கை வேகத்துக்காக 'அந்தப் பெண்மணி' என்பதற்கு ஒரே அழுத்தில் விழுகிற மாதிரி ஒரு சுருக்கக் குறியை அமைத்துக்கொண்டாள். அதன்பின் ஏழு தடவை அது உதவியது.

டுவேன் வந்தபோது அவள் அடுப்பில் மான்கறி சூப்பைச் சுடவைத்துக்கொண்டிருந்தாள்.

"நீதான் எழுதினியா?"

"வேற யாரு எழுதுவா."

"நிகழ்ச்சிய வெளியூர்ல வச்சு நடத்தினா எழுத வேற ஆள் போடுவாங்கன்னு நெனச்சேன்."

"எப்ப முடிவு பண்ணின?"

"பத்து நாளாச்சு." அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சொல்லணும்னுதான் வருவேன், மார்ல். நீ அந்த ரூமை விட்டு வர்றப்ப உன் மூஞ்சியப் பாத்தா, நாளெல்லாம் பேச்சு கேட்டுட்டு வர்றவகிட்ட நானும் பேசணுமான்னு தோணும். விட்டுடுவேன்."

அவளுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. குளிரில் விறைத்த விரலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல மனசுக்குள் அங்கங்கே தொட்டுப் பார்த்தாள். எங்கும் ஒன்றும் தெரியவில்லை. "உக்காரு, ஆறிடும்" என்று கிண்ணத்தை வைத்தாள். அவன் முழுவதையும் சாப்பிட்டான்.

டுவேன் பேசிய துண்டு ஊரெல்லாம் கைப்பேசியில் சுற்றியது. பக்கத்து வீட்டு ஜோலீன் மளிகைக் கடையில் வண்டியைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு, "என்ன பெண்மணி, நாடே உனக்காகச் சண்டை போடுது, நீ பாட்டுக்கு முட்டைக்கோஸ் பொறுக்கிட்டிருக்க?" என்றாள்.

"நாடு வந்து சமைக்கவா போகுது" என்று சொல்லிவிட்டு மார்லிஸ் பணம் கட்டப் போனாள்.

ஏப்ரலில் டுவேன் கிளம்பினான். வாசலில் விற்பனைப் பலகை நட்டார்கள். அந்தத் தெருவில் அது ஐந்தாவது பலகை. வீடு பார்க்க இரண்டே பேர் வந்தார்கள், இரண்டாவது ஆள் காரை விட்டே இறங்கவில்லை. டுவேன் சாயங்காலங்களில் கூப்பிடுவான். அட்டை வந்துவிட்டது என்று முதல் வாரமே எண்ணை வாசித்துக் காட்டினான். மருந்துக் கடையில் அந்த எண் வேலை செய்தது. அங்குள்ள மூன்றாம் இயந்திரம் நம்மூர் ஆலை இயந்திரத்தைச் செய்த அதே நிறுவனத்தின் தயாரிப்பு, கண்ணை மூடிக்கொண்டால் இங்கே நிற்கிற மாதிரியே இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னான். அவள், "தூங்கு" என்றாள்.

ஜூனில், வீடு விலைபோகாமலேயே, சாவியை ஜோலீனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். பொறி பின்சீட்டில், இன்சுலின் ஐஸ் பெட்டியில் பக்கத்துச் சீட்டில். இரண்டு நாள் ஓட்டம். கென்டக்கியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தியபோது, இப்போது அழுதுவிடுவோம் என்று நினைத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தாள். பெட்டியிலிருந்து தண்ணீர் கசிந்து சீட்டு நனைந்திருந்தது. இறங்கிப் போய் இரண்டு பை ஐஸ் வாங்கி வந்து நிரப்பிக்கொண்டு மேலே ஓட்டினாள்.

அடுக்குமாடியின் கீழே டுவேன் காத்திருந்தான். மெலிந்திருந்தான், கழுத்து வெயிலில் சிவந்திருந்தது. அவளைக் கட்டிக்கொண்டான், உடனே விட்டான். வண்டிக்குள் தலையை நீட்டி முதலில் ஐஸ் பெட்டியை எடுத்தான்.

"இத ஃப்ரிட்ஜுல வச்சுட்டு வந்துடறேன். வெயில்ல நிக்காத."

அவன் படியேறிப் போனான். மார்லிஸ் அங்கேயே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.