நேருக்கு நேர் குடித்தவன் கழுத்து

1
இப்போதெல்லாம் யாரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. எங்கள் கொரியாவில், பூசானில் ரயில் ஏறினால் வரிசையாகத் தலையைத் தொங்கப்போட்டுக் கைபேசியை நோண்டுகிறார்கள். அதற்கு ஆமைக்கழுத்து என்று பேர் வேறு. அப்படி ஒரு கழுத்தால்தான் இந்தக் கதை. நான் ஆறாவது வரை படித்தவன். [ஐந்தாவது. பொய் எதற்கு.] என் மகள் யெரினைக் கட்டிக்கொள்ள சொக்ஜு என்று ஒருவன் வந்தான். சம்மதமா இல்லையா என்று கேட்கிறாள்.

"வாயைத் திறந்தா கத்துறீங்கப்பா. எழுதிக் குடுங்க."

எழுதுகிறேன்.

2
முதல் தொடக்கம்: செர்ரி பூத்த ஒரு மாலையில்… வேண்டாம், அன்றைக்கு மழை.

இரண்டாவது: சொக்ஜு என்னை அவமதித்தான்.

இது சரி. எங்கள் வழக்கப்படி, பெரியவர் ஊற்றிய சோஜு சாராயத்தை இளையவன் மரியாதைக்கு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பித்தான் குடிக்க வேண்டும். நான் ஊற்றினேன். அவன் என் கண்ணையே பார்த்துக்கொண்டு மடக்கென்று குடித்தான்.

"என்னடா, நான் உன் கூட்டாளியா?"

"இல்லைங்கய்யா, காலையிலேர்ந்து கழுத்து புடிச்சுக்கிச்சு. திரும்ப மாட்டேங்குது."

"அப்ப உடம்போட திரும்புறது!"

அடுத்த கிண்ணத்துக்குத் திரும்பினான். தரையில் உட்கார்ந்தபடியே, பீரோவை நகர்த்துவது போல. முழங்கை இடித்து மீன் குழம்பு என் மனைவி மடியில்.

3
(இவனை நல்லவனாகக் காட்டலாமா என்று இந்த இடத்தில் யோசித்தேன். வரவில்லை.)

மறுநாள் எலும்பு டாக்டர் எடுத்த படத்தை யெரின் நீட்டினாள். வளைந்திருக்க வேண்டிய கழுத்தெலும்பு குச்சி மாதிரி நிற்கிறதாம்.

"இதுல மூஞ்சியே இல்ல. எவன் கழுத்தோ?"

"பேர் போட்டிருக்குப்பா!"

"பேரை யாரு வேணா போடலாம்."

என் மனைவி விடவில்லை. "யெரின் அப்பா, போன வருசம் தூங்கி எந்திரிச்சுக் கழுத்து சுளுக்கி, பத்து நாள் என்னைத் திரும்பிப் பாக்காமக் கெடந்தீங்களே?"

"அது நெசச் சுளுக்குடி."

4
முடிவு அ: கழுத்து குணமாகிறது. முகம் திருப்பிக் குடிக்கிறான். (நினைத்தால் முடிகிறதல்லவா? அப்போதே செய்திருக்கலாமே.)

முடிவு ஆ: குணமாகவில்லை. ஆயுசுக்கும் என்னை முறைத்தபடியே குடிக்கிறான்.

முடிவு இ: வேண்டாம் என்கிறேன். யெரின் கத்தவில்லை, அழவுமில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு

இதை எழுத மாட்டேன்.

"முடிச்சிட்டீங்களாப்பா?" கதவுக்கு வெளியே நிற்கிறாள்.

கடைசி வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். வாசிக்கிறவர் யாரோ, நீங்களே நிரப்புங்கள். பென்சில் மேசைமேல் இருக்கிறது. சம்மதம் என்று எழுதுவதானால் சின்ன எழுத்தில் எழுதுங்கள். நான் வெளியே போகிறேன். அந்தக் கழுத்தை இன்னும் நம்பவில்லை.