பயப்படாத பெண்ணுக்கு ஒரு குடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் குமாரபாளையத்துத் தறிகள் வாயை மூடிக்கொள்ளும். அந்த அமைதிக்காகவே வாரம் முழுக்கக் காத்திருந்தவர்போல, தியேட்டர் மேனேஜர் தண்டாயுதபாணி வாடகைக் காரின் உச்சியில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பிவிடுவார்.

"லாரிக்குக் கை காட்டி ஏறினவங்க என்ன ஆனாங்க? நம்ம சங்ககிரி ரோட்டுல நடந்த உண்மைச் சம்பவம்! இதயம் பலவீனமானவங்க தயவுசெஞ்சு வராதீங்க."

இதில் 'உண்மை' மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு. வடக்கே எங்கோ எடுத்து, தமிழ் பேசவைத்து, ஐந்து வருடமாகப் பெட்டியில் தூங்கிய படம் அது. முதல் மூன்று நாள் தியேட்டரில் ஈ ஓட்டினார்கள். இந்தப் படமும் படுத்தால் வேறு மேனேஜர் பார்க்கவேண்டியதுதான் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் தண்டாயுதபாணிக்கு யோசனை உதித்தது.

இரண்டு வருடத்துக்கு முன், எண்பத்திரண்டில், சங்ககிரி ரோட்டில் பஸ்ஸைத் தவறவிட்டு லாரியில் ஏறிய ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராகப் பிணமாகக் கிடந்தார்கள். கொன்றவர்கள் பிடிபட்டு, சேலம் கோர்ட்டில் வழக்கு இழுத்துக்கொண்டிருந்தது. செத்தவர்களில் ஒருவன் இதே ஊர்க்காரன். துண்டு மூட்டையோடு ஓமலூர்ச் சந்தைக்குப் போன கைலாசம். தண்டாயுதபாணிக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் 'சங்ககிரி ரோட்டு உண்மைச் சம்பவம்' என்று அச்சாபீசில் ஒரு பட்டைச் சீட்டு அடித்து, போஸ்டருக்கெல்லாம் குறுக்கே ஒட்டினார். செத்தவன் வந்து கேட்கவா போகிறான் என்று நினைத்தார். அவன் வீட்டில் மனுசர்கள் இருப்பார்கள் என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் அன்றைக்கு அதைத் தள்ளிவிட்டிருப்பார்.

சீட்டு வேலை செய்தது. பள்ளிபாளையத்திலிருந்துகூட ஆள் வந்தது. படத்தில் ஒரு காட்சி. தோளில் மூட்டையோடு லாரியில் ஏறிய ஒரு வழிப்போக்கன், கழுத்தில் கயிறு விழுந்தபின் தண்ணீர் கேட்பான். கொலைகாரன் சொம்பைக் காட்டிச் சிரித்து, தண்ணீரைத் தரையில் ஊற்றுவான். அந்த இடத்தில் கொட்டகையே விசிலில் அதிரும். தெருவில் பிள்ளைகள்கூட அந்தச் சிரிப்பைச் சிரித்து விளையாடத் தொடங்கினார்கள்.

பெண்கள் பகுதியில் ஒருத்தி மட்டும் நாள் தவறாமல் பகல் காட்சிக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். மற்றவர்கள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடும் இடத்தில் அவள் கழுத்தை நீட்டி இமைக்காமல் பார்த்தாள். தண்டாயுதபாணிக்கு அது தானாக வந்த விளம்பரமாகத் தெரிந்தது. பயப்படாமல் ஏழு நாள் பார்த்த வீரப்பெண்ணுக்கு எவர்சில்வர் குடம் பரிசு என்று ஊரெல்லாம் கூவினார். டிக்கெட் கிழிக்கும் மாதையன் தயங்கித் தயங்கி வந்து, அந்த அம்மிணியை மேடையேற்ற வேண்டாம், முதலில் யாரென்று விசாரியுங்கள் என்றான். அவள் யாராயிருந்தால் உனக்கென்ன, போய் வேலையைப் பார் என்று இவர் அவன் வாயை அடைத்துவிட்டார்.

ஞாயிறு இடைவேளையில் விளக்கு போட்டார்கள். திரைக்கு முன்னால் குடம் பளபளத்தது. முதலாளியும் வந்து கதவோரம் நின்றார். அவள் மேடையேறியதும் கைதட்டல்.

"அம்மிணி, ஆம்பளைங்களே கண்ணை மூடற எடத்துல நீங்க அசையறதில்லீங்க. பயமே இல்லீங்களா?" என்று மைக்கை நீட்டினார்.

அவள் குடத்தைப் பார்க்கவில்லை. "பயம் எதுக்குங்க? நா எங்க ஊட்டுக்காரரப் பாக்க வாரேன்."

கூட்டம் சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள்.

"கைலாசம்னு பேருங்க. துண்டு மூட்டை கொண்டுக்கிட்டுப் போனவரு."

விசில் பாதியில் நின்றது. போலீசும் கோர்ட்டும் தன்னிடம் கைநாட்டு வாங்கினார்களே தவிர, அவர் எப்படிப் போனார் என்று ஒருவரும் சொல்லவில்லை என்றாள் அவள். இவருடைய குழாயில் உண்மை என்று கேட்டபிறகுதான் தெரிந்துகொள்ள வந்தாளாம். பிறகு, பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவரு தண்ணி கேட்டாருங்களா? நெசமாலுமே கீழ ஊத்திப்போட்டாங்களா?"

தண்டாயுதபாணி ஆமாம் என்று தலையசைத்தால் போதும், அவர் வேலை நிலைக்கும். ஆனால் இவள் சாகும்வரை அந்தத் தண்ணீர் இவள் கண்ணெதிரே ஊற்றிக்கொண்டே இருக்கும். கதவோரம் நின்ற முதலாளியும் ஆமாம் சொல் என்று கண்ணைக் காட்டினார். தண்டாயுதபாணி தலையைக் குனிந்துகொண்டார்.

"அது கதைங்க அம்மிணி. அஞ்சு வருசம் முந்தி எடுத்த படம். உண்மைன்னு போட்டது நானுங்க. அவரு எப்பிடிப் போனாருன்னு எனக்குத் தெரியாதுங்க."

"அப்ப இந்த ஏழு நாளா ஊட்டுக்குப் போயி நா ஆருக்குங்க அழுதேன்?"

அவள் திட்டவில்லை, கத்தவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"சனத்தப் பயமுறுத்தோணும்னா ஆயிரம் கதை கட்டிக்குங்க. செத்தவங்க ஊட்டுல வந்து எடுக்காதீங்க. அங்க உசுரோட நாங்க இருக்கறோம்."

குடத்தைத் தொடாமல் இறங்கிப் போனாள். அவள் பெயர் உண்ணாமலை என்பதையே அதன்பிறகு மாதையன் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். ஏழு நாளாக அவளை வைத்து வியாபாரம் செய்தவருக்கு அவள் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. படம் மறுபடி ஓடியபோது கால்வாசிப் பேர் எழுந்து போயிருந்தார்கள். இருந்தவர்கள் யாரும் விசிலடிக்கவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி சொன்னதை அவர் எதிர்பார்த்தே இருந்தார்.

மறுநாள் விடிந்ததும் வாளித் தண்ணீரோடு போய், ஒட்டிய சீட்டையெல்லாம் தன் கையாலேயே சுரண்டி எடுத்தார். நகக்கண்ணில் பசை ஏறியது. பிறகு அதே காரில், அதே குழாயில் பேசிக்கொண்டு போனார். "சங்ககிரி ரோட்டுச் சாவுக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தமே இல்லீங்க. செத்தவங்க பேரைச் சொல்லிப் பொய் வித்தது என் தப்பு. அடுத்தவங்க சாவைப் பாத்து விசிலடிக்கறதும் தப்புத்தானுங்க." டீக்கடையில் சிலர் சிரித்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

உண்ணாமலையின் தெரு வந்ததும் எந்த முகத்தோடு பேசுவது என்று குழாயை அணைத்துவிட்டார். கார் மெதுவாகக் கடந்தது. அவள் தறிக்கொட்டகையிலிருந்து வெளியே வந்து கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எதுக்குங்ணா அணைச்சுப்போட்டீங்க? நில்லுங்க, தறிய நிறுத்திட்டு வாரேன். சத்தமாச் சொல்லுங்க. அந்தப் படத்துல சாகறது அவங்கப்பன் இல்லீன்னு எம் புள்ளைங்களும் கேக்கட்டும்."

தறி நின்றது. இரண்டு பெண்பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். தண்டாயுதபாணி காரைவிட்டு இறங்கி, அவர்களைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார்.